அறிவியல் ஆய்வில் சிறப்பு நூலகரின் பணி

ஒரு குறிப்பிட்ட துறையில் ஆய்வு செய்வோருக்கும் தொழில் புரிவோருக்கும் அத்துறையின் எழுத்துகளைத் தேடித் தருவதையே முதன்மைப் பணியாகக் கொண்ட நூலகர் சிறப்பு நூலகர் எனப்படுகிறார். ஆராய்ச்சி நிறுவனங்கள், மருத்துவக் கல்லூரிகள், மருந்து தயாரிக்கும் நிறுவனங்கள், அணுசக்தி மற்றும் விண்வெளி மையங்கள், பொறியியல் நிறுவனங்கள் ஆகியவற்றில் இவர்கள் பணியாற்றுகின்றனர்.

நூலகர் என்றதும் நூல்களை அடுக்கி வைத்து இரவல் தருபவர் என்ற எண்ணமே நம்மில் பலருக்கும் தோன்றும். சிறப்பு நூலகரின் பணி அதிலிருந்து பெரிதும் வேறுபட்டது. எந்தச் செய்தி எங்கே பதிவாகியிருக்கும், எந்தத் தேடுகருவி எதைக் காட்டும், எதைக் காட்டாது என்பதை அறிந்திருப்பதே இவருடைய திறன். ஒரு தேடுகருவி "எதுவும் கிடைக்கவில்லை" என்று சொன்னால், உண்மையிலேயே அதைப் பற்றி யாரும் எழுதவில்லையா, அல்லது நாம் தேடிய இடம் போதாதா என்பதைப் பிரித்தறிய வேண்டும். அந்த வேறுபாடு கவனிக்கப்படாமல் போனதன் விளைவை 2001ஆம் ஆண்டு நடந்த ஒரு நிகழ்ச்சி காட்டியது. அது இக்கட்டுரையில் தனியே விளக்கப்படுகிறது.

ஆய்வு இலக்கியம் என்பது என்ன?

இங்கு இலக்கியம் என்ற சொல் கதை, கவிதைகளைக் குறிக்கவில்லை. ஒரு துறையில் இதுவரை எழுதப்பட்டவை அனைத்தையும் சேர்த்து ஆய்வு இலக்கியம் என்பர். அதில் பல வகைகள் உண்டு.

ஆய்விதழ்களில் வரும் கட்டுரைகள் முதல் வகை. மாநாட்டுக் கட்டுரைகள், முனைவர் பட்ட ஆய்வேடுகள், நிறுவனங்களின் தொழில்நுட்ப அறிக்கைகள், காப்புரிமை ஆவணங்கள், தரநிலை ஆவணங்கள், அளவீட்டுத் தரவுகள் ஆகியவை பிற வகைகள். இவற்றுள் அறிக்கைகள், ஆய்வேடுகள் போன்றவை வழக்கமான பதிப்பகங்கள் வழியாக வெளிவருவதில்லை. ஆகவே பொதுவான தேடுகருவிகளில் இவை எளிதில் அகப்படுவதில்லை. புதிய இயந்திரம் ஒன்றின் செயல்முறை எந்த ஆய்விதழிலும் வராமல் காப்புரிமை ஆவணத்தில் மட்டும் விளக்கப்பட்டிருக்கலாம். ஆய்விதழ்களை மட்டும் பார்ப்பவருக்கு அது தெரியாமலே போய்விடும்.

தேடல் ஏன் கடினமாகிறது?

முதல் காரணம் சிதறல். இலண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தின் நூலகத்தில் பணியாற்றிய சாமுவேல் பிராட்ஃபோர்டு என்பவர் 1934இல் இதை எண்ணிக்கையால் விளக்கினார். பயன்பாட்டுப் புவி இயற்பியல் என்ற துறையை எடுத்துக்கொண்டு, அதில் வெளியான 1332 கட்டுரைகள் எந்தெந்த இதழ்களில் வந்துள்ளன என்று கணக்கிட்டார். அவை 326 இதழ்களில் பரவிக் கிடந்தன. முதல் 9 இதழ்களில் மட்டும் 429 கட்டுரைகள் இருந்தன. அடுத்த 59 இதழ்களில் 499 கட்டுரைகளும், எஞ்சிய 258 இதழ்களில் 404 கட்டுரைகளும் இருந்தன.

இதன் பொருளைச் சற்றுச் சிந்திக்க வேண்டும். அத்துறை அறிஞர் ஒருவர் மிக முக்கியமான 9 இதழ்களையும் ஒரு பக்கம் விடாமல் படித்திருந்தாலும், மூன்றில் ஒரு பங்கு கட்டுரைகளே அவர் கண்ணில் பட்டிருக்கும். மற்ற 903 கட்டுரைகள் 317 இதழ்களில் சிதறியிருந்தன. பிற துறைகளிலும் இதைப் போன்ற அமைப்பு காணப்படுவதால் இது பிராட்ஃபோர்டு விதி என்று வழங்கப்படுகிறது.

இரண்டாவது காரணம் பெயர்கள். காய்ச்சலுக்கு நாம் உட்கொள்ளும் பாராசிட்டமாலை அமெரிக்கர் அசிட்டமினோஃபென் என்பர். வேதியியலார் அதன் மூலக்கூறு அமைப்பைக் கொண்டு வேறு பெயர்களும் சொல்வர். வணிகப் பெயர்களோ ஏராளம். ஒரு பெயரை மட்டும் இட்டுத் தேடினால் மற்றப் பெயர்களில் எழுதப்பட்டவை விடுபடும். இந்தச் சிக்கலைத் தீர்க்க அமெரிக்காவின் கெமிக்கல் அப்ஸ்ட்ராக்ட்ஸ் நிறுவனம் 1965 முதல் ஒவ்வொரு வேதிப்பொருளுக்கும் ஒரு பதிவெண் வழங்கி வருகிறது. பாராசிட்டமாலின் பதிவெண் 103-90-2. எந்தப் பெயரில் எழுதினாலும் எண் ஒன்றே.

மூன்றாவது காரணம் கால எல்லை. கணினித் தரவுத்தளம் ஒவ்வொன்றும் ஏதோ ஓர் ஆண்டிலிருந்துதான் தொடங்குகிறது. அதற்கு முந்தையவை அச்சு அட்டவணைகளில் மட்டும் இருக்கக்கூடும். திரையில் தெரியும் தேடல் பெட்டி இந்த எல்லையை நமக்கு நினைவூட்டுவதில்லை.

2001ஆம் ஆண்டு நிகழ்ச்சி

அமெரிக்காவில் பால்டிமோர் நகரிலுள்ள ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆஸ்துமா தொடர்பான ஓர் ஆய்வு நடைபெற்றது. உடல்நலம் உள்ளவர்களின் மூச்சுக்குழாய்கள் சுருங்காமல் இருப்பது எவ்வாறு என்று அறிவதே அதன் நோக்கம். அதற்காகத் தன்னார்வலர்கள் ஹெக்ஸாமெத்தோனியம் என்ற வேதிப்பொருளை மூச்சுவழி உள்ளிழுத்தனர். 1950களில் உயர் இரத்த அழுத்தத்திற்கு மருந்தாகப் பயன்பட்ட இப்பொருள் பின்னர் வழக்கொழிந்தது. ஆய்வு நடந்தபோது அது அங்கீகாரம் பெற்ற மருந்தாக இருக்கவில்லை.

2001 மே மாதத்தில் இதை உள்ளிழுத்த 24 வயதுப் பெண் ஒருவருக்கு மறுநாளே இருமல் தொடங்கியது. நுரையீரல் பாதிப்பு கடுமையாகி ஜூன் 2ஆம் நாள் அவர் இறந்தார். அவர் நோயாளி அல்லர். நல்ல உடல்நலத்துடன் ஆய்வுக்கு உதவ முன்வந்தவர்.

ஆய்வைத் தொடங்குமுன் அப்பொருளின் பாதுகாப்பைப் பற்றி நூல்களிலும், பப்மெட் என்ற மருத்துவத் தரவுத்தளத்திலும் தேடப்பட்டிருந்தது. ஆனால் அன்றைய நிலையில் அத்தரவுத்தளத்தின் பதிவுகள் 1966ஆம் ஆண்டிலிருந்தே தொடங்கின. இம்மருந்தை உட்கொண்ட நோயாளிகளுக்கு நுரையீரல் பாதிப்பு ஏற்பட்டதைக் கூறும் கட்டுரைகள் 1950களில் வெளிவந்தவை. அவை நூலகத்தில் இருந்த அச்சு அட்டவணைகளில் இடம்பெற்றிருந்தன. தேடிய இடத்தில் அவை இல்லை.

தேடலின் குறை ஒன்றே இந்த மரணத்திற்குக் காரணம் என்று சொல்வது சரியன்று. முதலில் இப்பொருளை உள்ளிழுத்த தன்னார்வலருக்கு இருமல் ஏற்பட்டது உரிய குழுவுக்கு உடனடியாகத் தெரிவிக்கப்படவில்லை. ஒப்புதல் படிவத்திலும் குறைகள் இருந்தன. 2001 ஜூலையில் அப்பல்கலைக்கழகத்தில் அரசு நிதியுடன் மனிதர்களைக் கொண்டு நடந்த ஆய்வுகளை அமெரிக்க அரசு தற்காலிகமாக நிறுத்தி வைத்தது.

இந்நிகழ்ச்சிக்குப் பின் மருத்துவ நூலகர்களிடையே பெரிய விவாதம் எழுந்தது. மருந்து வழக்கிலிருந்த காலம் எது, தரவுத்தளம் தொடங்கும் ஆண்டு எது என்ற இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பது பயிற்சி பெற்ற நூலகருக்கு அடிப்படைப் பழக்கம். 1950களின் மருந்தை 1966இல் தொடங்கும் தரவுத்தளத்தில் மட்டும் தேடினால் போதாது என்பது அவர் முதலில் சொல்லக்கூடிய செய்தி. பின்னாளில் பழைய அச்சு அட்டவணைகளின் பதிவுகளும் படிப்படியாக பப்மெட்டில் சேர்க்கப்பட்டன. ஆயினும் எந்தத் தரவுத்தளத்திற்கும் ஓர் எல்லை உண்டு என்ற நிலை இன்றும் மாறவில்லை.

சிறப்பு நூலகங்களின் தோற்றம்

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆய்விதழ்கள் பெருகியபோதே அவற்றுக்கு அட்டவணை தேவைப்பட்டது. அமெரிக்க இராணுவ மருத்துவ நூலகத்தை நடத்திய ஜான் ஷா பில்லிங்ஸ், 1879இல் இன்டெக்ஸ் மெடிகஸ் என்ற மருத்துவக் கட்டுரை அட்டவணையைத் தொடங்கினார். வேதியியல் கட்டுரைகளின் சுருக்கங்களைத் தொகுத்துத் தரும் கெமிக்கல் அப்ஸ்ட்ராக்ட்ஸ் 1907இல் தொடங்கியது.

1909இல் அமெரிக்காவில் சிறப்பு நூலகச் சங்கம் அமைக்கப்பட்டது. நியூவார்க் பொது நூலகத்தின் தலைவராக இருந்த ஜான் காட்டன் டானா அதன் முதல் தலைவர். வணிகர்களுக்கும் தொழிலகங்களுக்கும் தேவைப்படும் செய்தி, பொது நூலகம் திரட்டும் நூல்களிலிருந்து வேறுபட்டது என்பதை அவர் உணர்ந்திருந்தார். பிரிட்டனில் இத்தகைய நூலகங்களுக்கான சங்கம் 1924இல் தோன்றியது.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் அறிவியல் எழுத்துகள் பெருவெள்ளமாயின. 1958இல் ஐபிஎம் நிறுவனத்தின் ஹான்ஸ் பீட்டர் லூன் ஒரு புதிய முறையை முன்வைத்தார். ஒவ்வோர் ஆய்வாளரின் ஆர்வத்தையும் சில சொற்களாகக் கணினியில் பதிந்து வைத்து, புதிதாக வரும் கட்டுரைகளுள் அச்சொற்களுக்குப் பொருந்துபவற்றை மட்டும் அவருக்கு அனுப்புவது அம்முறை. இன்று நமக்கு மின்னஞ்சலில் வரும் புதிய கட்டுரை அறிவிப்புகளுக்கு முன்னோடி இதுவே. 1964இல் அமெரிக்க தேசிய மருத்துவ நூலகம் தன் அட்டவணையைக் கணினிமயமாக்கியது. அதன் வளர்ச்சியாக 1996இல் பப்மெட் தொடங்கி, 1997இல் அனைவருக்கும் இலவசமாக்கப்பட்டது.

கேள்வியைத் தெளிவாக்குதல்

நூலகரின் பணி கணினியில் தொடங்குவதில்லை. ஆய்வாளருடன் நடக்கும் உரையாடலில் தொடங்குகிறது. ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம்.

தோல் பதனிடும் ஆலைகளின் கழிவுநீரைப் பற்றிய கட்டுரைகள் வேண்டும் என்று ஓர் ஆய்வாளர் கேட்பதாகக் கொள்வோம். அந்தக் கேள்வியை அப்படியே எடுத்துக்கொண்டு தேடினால் ஆயிரக்கணக்கான கட்டுரைகள் வந்து குவியும். ஆகவே நூலகர் சில கேள்விகளைக் கேட்பார்.

- கழிவுநீரிலுள்ள உப்பைப் பற்றியா, குரோமியத்தைப் பற்றியா?
- குரோமியம் என்றால், பதனிடப் பயன்படும் மூவிணைதிறன் குரோமியமா, அதிக நச்சுத்தன்மை கொண்ட ஆறிணைதிறன் குரோமியமா?
- அதை நீக்க வேண்டுமா, மீட்டெடுத்து மீண்டும் பயன்படுத்த வேண்டுமா?
- ஆய்வகச் சோதனை போதுமா, ஆலையில் நடைமுறைப்படுத்திய முறைகள் தேவையா?
- எந்த ஆண்டிலிருந்து தேட வேண்டும்?

இவ்வாறு கேட்டபின், "கழிவுநீரிலிருந்து மூவிணைதிறன் குரோமியத்தை மீட்டு மீண்டும் தோல் பதனிடப் பயன்படுத்தும் முறைகள்" என்று கேள்வி தெளிவடையலாம். பல வேளைகளில் தமக்கு வேண்டியது எது என்பது ஆய்வாளருக்கே இந்த உரையாடலின்போதுதான் துலங்கும்.

தேடல் வாய்பாடு அமைத்தல்

அடுத்து நூலகர் கேள்வியைக் கூறுகளாகப் பிரிக்கிறார். மேற்கண்ட கேள்வியில் பொருள் குரோமியம், இடம் தோல் ஆலைக் கழிவுநீர், செயல் மீட்டெடுத்தல். ஒவ்வொரு கூறுக்கும் உரிய மாற்றுச் சொற்கள் அனைத்தையும் பட்டியலிட வேண்டும். குரோமியத்தை அதன் வேதிக் குறியீட்டால் குறித்திருக்கலாம். தோல், பதனிடுதல், பதனிடும் ஆலை ஆகியவற்றுக்கு ஆங்கிலத்தில் தனித்தனிச் சொற்கள் உள்ளன. கழிவுநீருக்கும் ஒன்றுக்கு மேற்பட்ட சொற்கள் உண்டு. பதனிடப் பயன்படும் குரோமியம் சல்பேட்டிலுள்ள சல்பேட் என்ற சொல்லைப் பிரிட்டன் முறையில் ஒரு விதமாகவும் அமெரிக்க முறையில் வேறு விதமாகவும் எழுதுவர்.

ஒரே கூறுக்கான மாற்றுச் சொற்களை "அல்லது" என்ற உறவால் இணைக்கின்றனர். வெவ்வேறு கூறுகளை "மற்றும்" என்ற உறவால் இணைக்கின்றனர். இவை ஜார்ஜ் பூல் என்ற கணித அறிஞரின் பெயரால் பூலியன் உறவுகள் எனப்படும். பள்ளியில் கணங்களின் சேர்ப்பு, வெட்டு என்று படித்தவையே இங்குப் பயன்படுகின்றன. "அல்லது" என்பது சேர்ப்பு. "மற்றும்" என்பது வெட்டு.

"தவிர" என்ற மூன்றாவது உறவும் உண்டு. அதை மிகுந்த கவனத்துடன் கையாள வேண்டும். ஆறிணைதிறன் குரோமியம் வேண்டாம் என்று அதைத் தவிர்த்துத் தேடினால், இரு வகைகளையும் ஒப்பிட்டு எழுதிய நல்ல கட்டுரையும் சேர்ந்து மறைந்துவிடும்.

இயல்பான சொற்களோடு கட்டுப்படுத்தப்பட்ட சொற்பட்டியலையும் நூலகர் பயன்படுத்துகிறார். மருத்துவத்தில் மெஷ் என்ற சொற்பட்டியல் 1960 முதல் வழக்கில் உள்ளது. கட்டுரையாசிரியர் மாரடைப்பை எந்தச் சொல்லால் குறித்திருந்தாலும், அட்டவணையில் அது ஒரே தலைப்பின்கீழ் வரும். புத்தம்புதிய கட்டுரைகளுக்கு இத்தலைப்பு இன்னும் இடப்படாமல் இருக்கலாம். ஆதலால் இரு வழிகளிலும் தேடுவதே முறை.

தேடலின் தரத்தை இரண்டு அளவுகளால் மதிப்பிடுவர். பயனுள்ள கட்டுரைகள் அனைத்திலும் எத்தனை பங்கு நமக்குக் கிடைத்தது என்பது ஒன்று. கிடைத்தவற்றில் எத்தனை பங்கு பயனுள்ளவை என்பது மற்றொன்று. வலையை அகலமாக வீசினால் முதல் அளவு கூடும், இரண்டாவது குறையும். இங்கிலாந்தில் கிரான்ஃபீல்டு வானூர்தியியல் கல்லூரியின் நூலகராக இருந்த சிரில் கிளெவர்டன் நடத்திய சோதனைகள் இத்துறையில் புகழ்பெற்றவை. அன்றாடக் கேள்விக்கு இரண்டாவது அளவு போதுமானது. ஒரு மருந்தின் தீங்கைத் தேடும்போது முதல் அளவே பெரிது. ஒரு கட்டுரை விடுபட்டாலும் அதற்கு விலை கொடுக்க நேரலாம்.

மேற்கோள் வழியாகத் தேடுதல்

சொற்களால் அகப்படாதவை மேற்கோள்களால் அகப்படுவதுண்டு. ஒரு நல்ல கட்டுரை கிடைத்தால் அதன் இறுதியிலுள்ள மேற்கோள் பட்டியல் நம்மைப் பழைய கட்டுரைகளுக்கு அழைத்துச் செல்லும். அக்கட்டுரையைப் பின்னாளில் யார் யார் மேற்கோள் காட்டினர் என்று அறிய முடிந்தால் புதிய கட்டுரைகளுக்கும் செல்லலாம். வேதியியலும் நூலக அறிவியலும் பயின்ற யூஜின் கார்ஃபீல்டு 1955இல் இக்கருத்தை முன்வைத்தார். அவர் உருவாக்கிய அறிவியல் மேற்கோள் அட்டவணை 1964 முதல் முறையாக வெளிவந்தது. இன்றைய மேற்கோள் தரவுத்தளங்களுக்கு அதுவே முன்மாதிரி.

மேற்கோள் தொடர்பு இல்லாத இடத்திலும் அறிவு மறைந்திருக்கலாம் என்பதைச் சிகாகோ பல்கலைக்கழகத்தின் நூலகவியல் பள்ளியில் பேராசிரியராக இருந்த டான் ஸ்வான்சன் 1986இல் காட்டினார். குளிரில் விரல்களுக்கு இரத்த ஓட்டம் குறையும் ரேனோ நோயைப் பற்றிய கட்டுரைகளில், அந்நோயாளிகளின் இரத்தம் கூடுதல் பிசுப்புடன் இருப்பதாகக் கூறப்பட்டிருந்தது. மீன் எண்ணெயைப் பற்றிய கட்டுரைகளில், அது இரத்தத்தின் பிசுப்பைக் குறைப்பதாகக் கூறப்பட்டிருந்தது. இரு திறத்தாரும் ஒருவரையொருவர் படித்ததாகத் தெரியவில்லை. இரண்டையும் இணைத்துப் பார்த்த ஸ்வான்சன், மீன் எண்ணெய் ரேனோ நோயாளிகளுக்குப் பயன்படலாம் என்ற கருதுகோளை வெளியிட்டார். அவர் ஆய்வகத்தில் எந்தச் சோதனையும் செய்யவில்லை. ஏற்கெனவே அச்சிலிருந்த கட்டுரைகளே அவருக்கு மூலம்.

கிடைத்தவற்றைப் பயன்படுத்த உதவுதல்

கட்டுரையின் தலைப்பு கிடைத்ததோடு பணி முடிவதில்லை. முழுக் கட்டுரையைப் பெற வேண்டும். தம் நூலகம் அந்த ஆய்விதழுக்குச் சந்தா செலுத்தவில்லை என்றால், வேறு நூலகத்திலிருந்து பெற்றுத் தருவர். ஆசிரியரே கட்டுரையின் இலவசப் படியைப் பொதுவெளியில் வைத்திருக்கிறாரா என்றும் பார்ப்பர். இயற்பியல், கணிதம் போன்ற துறைகளில் 1991இல் தொடங்கிய ஆர்க்சிவ் என்ற முன்பதிப்புக் களஞ்சியம் இதற்குப் பெரிதும் உதவுகிறது.

அந்தக் கட்டுரை இன்னும் செல்லுபடியாகிறதா என்பதும் பார்க்கப்பட வேண்டும். தடுப்பூசிக்கும் ஆட்டிசத்திற்கும் தொடர்பிருப்பதாகக் கூறிய ஒரு கட்டுரை 1998இல் லான்செட் இதழில் வெளிவந்து, 2010இல் அவ்விதழாலேயே திரும்பப் பெறப்பட்டது. பழைய அச்சுப் படியையோ தரவிறக்கி வைத்த கோப்பையோ படிப்பவருக்கு அது திரும்பப் பெறப்பட்ட செய்தி தெரியாது. தரநிலை ஆவணங்களிலும் இதே நிலைதான். பொறியாளர் கையில் இருப்பது திருத்தப்பட்ட பதிப்பா, காலாவதியான பதிப்பா என்று நூலகர் சரிபார்க்கிறார்.

மேற்கோள்களை ஒழுங்குபடுத்தும் மென்பொருள்களைப் பயன்படுத்தக் கற்றுத் தருதல், ஆய்வுத் தரவுகளைப் பாதுகாக்கும் முறையைச் சொல்லித் தருதல், பணம் வாங்கிக்கொண்டு எதையும் சரிபாராமல் வெளியிடும் போலி ஆய்விதழ்களை அடையாளம் காட்டுதல் ஆகியவையும் இன்று இவர்களுடைய பணிகளாகிவிட்டன.

கட்டுரையின் அறிவியல் முடிவு சரியா என்று தீர்ப்பளிப்பது நூலகரின் வேலையன்று. அது ஆய்வாளரின் பொறுப்பு. தீர்ப்பளிக்க வேண்டிய சான்றுகள் அனைத்தும் அவர் மேசைக்கு வந்து சேர்ந்தனவா என்பதே நூலகரின் பொறுப்பு.

முறைசார் மீளாய்வில் நூலகர்

ஒரு சிகிச்சை பயன் தருமா என்று அறிய, அதைப் பற்றிய எல்லா ஆய்வுகளையும் திரட்டி ஒருங்கே மதிப்பிடுவது முறைசார் மீளாய்வு எனப்படும். 1993இல் தொடங்கிய காக்ரேன் அமைப்பு இவ்வகை ஆய்வுகளுக்குப் பெயர்பெற்றது. இதில் தேடல் குறைபட்டால் முடிவும் பிழைபடும். அமெரிக்காவின் இன்ஸ்டிடியூட் ஆஃப் மெடிசின் 2011இல் வெளியிட்ட தரநிலைகள், முறைசார் மீளாய்வில் பயிற்சி பெற்ற நூலகருடன் அல்லது தகவல் வல்லுநருடன் சேர்ந்தே தேடலைத் திட்டமிட வேண்டும் என்று கூறுகின்றன. ஒரு நூலகர் அமைத்த தேடல் வாய்பாட்டை வேறொரு வல்லுநர் சரிபார்க்க வேண்டும் என்பதும் அவற்றில் உண்டு. எந்தத் தரவுத்தளத்தில், எந்த நாளில், எந்தச் சொற்களால் தேடப்பட்டது என்பதை அப்படியே வெளியிடுவதும் இப்போது முறையாகிவிட்டது. பிறர் அதே தேடலை மீண்டும் செய்து பார்க்க இது உதவும்.

இந்தியாவில் சிறப்பு நூலகப் பணி

இந்திய நூலக அறிவியலின் தந்தை எனப் போற்றப்படும் சீ. இரா. அரங்கநாதன் 1892இல் சீர்காழியில் பிறந்தவர். சென்னை மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்துவந்த அவர், 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகரானார். 1931இல் அவர் வெளியிட்ட நூலக அறிவியலின் ஐந்து விதிகளுள் நான்காவது விதி வாசகரின் நேரத்தை வீணாக்காமல் காப்பதைப் பற்றியது. ஆய்வு நூலகங்களுக்கு இவ்விதி மிகவும் பொருந்தும். 1933இல் வெளிவந்த அவருடைய கோலன் பகுப்புமுறை, ஒரு பொருளை ஆளுமை, பருப்பொருள், ஆற்றல், இடம், காலம் என்னும் கூறுகளாகப் பிரித்து நோக்குகிறது. நூல்களை வகைப்படுத்துவதற்காக உருவான முறையாயினும், மேலே குரோமியக் கேள்வியைக் கூறுகளாகப் பிரித்ததில் இதே சிந்தனை இருப்பதைக் காணலாம். 1962இல் அவர் பெங்களூரில் ஆவணப் பணிக்கான ஆராய்ச்சி, பயிற்சி மையத்தை நிறுவினார். அறிவியல் நிறுவனங்களுக்குத் தேவையான நூலகர்கள் அங்குப் பயிற்சி பெற்றனர்.

1952இல் யுனெஸ்கோவின் உதவியுடன் தில்லியில் இந்திய தேசிய அறிவியல் ஆவண மையம் தொடங்கப்பட்டது. இன்ஸ்டாக் என்று வழங்கப்பட்ட இந்நிறுவனம், கட்டுரைகளின் படிகளை எடுத்து அனுப்பியது. பிறமொழிக் கட்டுரைகளை மொழிபெயர்த்துக் கொடுத்தது. எந்த ஆய்விதழ் நாட்டின் எந்த நூலகத்தில் உள்ளது என்று காட்டும் ஒன்றிய நூற்பட்டியலையும் தொகுத்தது. 1965 முதல் இந்திய அறிவியல் கட்டுரைச் சுருக்கங்களை வெளியிட்டது. 2002இல் மற்றொரு நிறுவனத்துடன் இணைந்து நிஸ்கேர் என்ற பெயர் பெற்றது.

இன்று காந்திநகரிலுள்ள இன்ஃபிளிப்நெட் மையம் இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளைச் சோத்கங்கா என்ற களஞ்சியத்தில் திரட்டி வைத்துள்ளது. 2024 நவம்பரில் ஒன்றிய அரசு ஒப்புதல் அளித்த 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்தின்படி, 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 மின்னிதழ்களை அரசு உயர்கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்கள் பயன்படுத்தலாம். 3 ஆண்டுகளுக்கு இதற்கென 6,000 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டுள்ளது. இதழ்கள் கிடைக்காத குறை இதனால் பெருமளவு நீங்கலாம். ஆனால் 13,000 இதழ்களுள் தமக்கு வேண்டிய ஒரு கட்டுரையைக் கண்டுபிடிப்பது சிற்றூர்க் கல்லூரி மாணவருக்கு எளிதன்று. வழிகாட்டும் நூலகரின் தேவை அங்கே கூடுகிறது.

செயற்கை நுண்ணறிவுக் கருவிகள்

கேள்வி கேட்டதும் விடையைக் கட்டுரை வடிவில் தரும் கருவிகள் இப்போது பரவியுள்ளன. இவற்றால் சில நன்மைகள் உண்டு. புதிய துறை ஒன்றின் சொற்களை அறிந்துகொள்ளவும், நீண்ட கட்டுரையின் சாரத்தை விரைவில் காணவும் இவை உதவலாம். ஆனால் இவை சில வேளைகளில் இல்லாத கட்டுரைகளை இருப்பதுபோல் காட்டுகின்றன. ஆசிரியர் பெயர், இதழ், ஆண்டு எல்லாம் உண்மைபோலவே இருக்கும். தேடினால் அப்படியொரு கட்டுரை இராது. மேலும் இவை எந்தெந்த நூல்களைப் பார்த்து விடை சொல்கின்றன, எவற்றைப் பார்க்கவில்லை என்பது பயன்படுத்துவோருக்குத் தெளிவாகத் தெரிவதில்லை. 1966க்கு முன் எதுவும் இல்லை என்ற எல்லையாவது பப்மெட்டில் எழுதி வைக்கப்பட்டிருந்தது. இக்கருவிகளின் எல்லை அவ்வாறு எழுதி வைக்கப்படுவதில்லை.

மாணவர்கள் பின்பற்றத்தக்கவை

1. நூலகரிடம் செல்லுமுன் உங்கள் கேள்வியை ஒரே வாக்கியத்தில் எழுதிப் பாருங்கள். எதற்காகத் தேடுகிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள்.
2. ஏற்கெனவே கையிலுள்ள ஒரு நல்ல கட்டுரையை உடன் எடுத்துச் செல்லுங்கள். அதிலுள்ள சொற்களும் மேற்கோள்களும் தேடலுக்கு வித்தாகும்.
3. எங்கே, எந்தச் சொற்களால், எந்த நாளில் தேடினீர்கள் என்பதைக் குறிப்பேட்டில் எழுதி வையுங்கள்.
4. பயன்படுத்தும் தரவுத்தளம் எந்த ஆண்டிலிருந்து தொடங்குகிறது, எந்த மொழிகளை உள்ளடக்குகிறது என்று கேளுங்கள்.
5. மேற்கோள் காட்டும் ஒவ்வொரு கட்டுரையையும் நேரில் திறந்து படியுங்கள். அது திரும்பப் பெறப்பட்டதா என்றும் பாருங்கள்.
6. "இதைப் பற்றி எதுவும் இல்லை" என்று ஆய்வேட்டில் எழுதுமுன் நூலகரிடம் ஒருமுறை கேட்டுவிடுங்கள். "இன்னின்ன இடங்களில் இன்ன காலம் வரை தேடியதில் கிடைக்கவில்லை" என்று எழுதுவதே நேர்மையான முறை.